இதர வித்துகள்

கூடலூரிலிருந்து வந்த பொட்டலம்
உரச் சாக்கின் மூலையை வெட்டித் தைத்திருந்தது.
பிரித்ததும் மேஜையில் உருண்டன,
கோலிக்குண்டு அளவில், காய்ந்த சேற்று நிறத்தில்,
ஒரு பக்கம் மட்டும் தட்டையாய்.
புன்னங்கொட்டை என்றான் பிரிட்டோ.
வாட்ச்மேன் இலுப்பை என்றார்.
கூடவே ஒரு கடிதம்:

‘இது தேயிலைக் கொட்டை.
ஒன்பதாம் நம்பர் மலையில் நாலு வருசமாய்க்
கொழுந்து எடுக்கவில்லை. கம்பெனி பூட்டிக் கிடக்கிறது.
செடியெல்லாம் ஆளுயரம் போய்
பூத்துக் காய்த்துக் கொட்டுகிறது.
எண்ணெய் எவ்வளவு, தின்கிற எண்ணெயா
என்று பார்த்துச் சொல்லவும்.
செவனம்மாள்.’

கட்டணம் ஏற்கெனவே வந்திருந்தது:
போகிறதா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய்,
பிறகு ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது.

சீர்காழியில் எங்களிடம் வருவது
பாமாயில் கலந்த நல்லெண்ணெய்,
காறிப்போன கடலெண்ணெய்,
கொள்முதல் நிலையம் திருப்பியனுப்பிய நெல்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
எந்த ஊர் தூங்காது என்று எனக்குத் தெரியும்.
நாளைக்கு நாலு தடவை டீ குடிக்கிறேன்,
அதற்கொரு பூ இருக்குமென்று
இதுவரை தோன்றியதே இல்லை.
வாரம் தவறாமல் கிள்ளக் கிள்ள
இலையாகவே இருந்துவிடுகிற செடி.
கூலி நின்ற பிறகுதான் காய்த்திருக்கிறது.

ஓட்டை உடைத்தேன். பருப்பைப் பொடித்து
காகிதக் குழலில் பத்து கிராம்.
ஹெக்சேன் ஏறியது, குளிர்ந்து சொட்டியது,
நிரம்பி இறங்கியது, மறுபடி ஏறியது.
இரண்டரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
மறுநாள் முதலிலிருந்து.

குடுவையின் அடியில் கடைசியில் நின்றது
வைக்கோல் வெளுப்பில், வாசனை என்று சொல்லும்படி
எதுவும் இல்லாத ஒன்று.
நூற்றுக்கு இருபத்தாறு புள்ளி நாலு.

எங்கள் பக்கம் மேடு என்றால்
ரயில்வே மேம்பாலம்.
கருவியிலிருந்து இறங்கிய தாளில்தான் மலை வந்தது.
முதலில் பால்மிட்டிக், ஒரு களத்து மேடு, பதினாறு.
ஸ்டியரிக், நண்டு தள்ளிய மண், மூன்று.
அப்புறம் ஓலெயிக் எழுந்து
தாளின் மேல் விளிம்பை முட்டியது, ஐம்பத்தெட்டு.
அதன் சரிவிலேயே லினோலெயிக், இருபத்திரண்டு.
மிச்சம் ஒன்றுக்குப் பெயர் தேடவில்லை.
ஆலிவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று
பிரிட்டோவிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை.
உரலைக் கழுவிக்கொண்டிருந்தான்.
நுரை அடங்க மறுத்தது.

‘இது எங்க மாமா குட்டையில போடுறதுல்ல?’

திருமுல்லைவாசலில் இறால் விடுவதற்கு முன்
சீனாவிலிருந்து வந்த மூட்டையைக் கரைத்து ஊற்றுவார்களாம்.
கெளுத்தி, கெண்டை, கொடுவாய்க் குஞ்சு
வெள்ளையாய் மிதக்கும்.
இறாலுக்கு ஒன்றும் ஆகாது.
மூட்டையில் என்ன எழுதியிருக்கிறதென்று
யாரும் வாசித்ததில்லை. இதே நுரை, இதே கசப்பு வாடை.

அறிக்கைப் படிவத்தில் வித்தின் பெயரைத்
தேர்ந்தெடுக்க வேண்டும்.
எள், கடலை, ஆமணக்கு, பருத்தி, சூரியகாந்தி.
கடைசியில் இதர வித்துகள்.
குறிப்புக்கு நாற்பது எழுத்து இடம்.
போனில் கூப்பிட்டேன்.

எண்ணெய் நல்ல எண்ணெய்தான் என்றேன்.
சுத்தம் செய்து இன்னும் பார்க்க வேண்டும்,
அதுவரை குழம்பில் ஊற்றிவிடாதீர்கள்.
பத்து கிலோ கொட்டைக்குச் செக்கில்
ஒரு கிலோ தேறினால் அதிகம்.
அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.

‘மிச்ச ஒம்பது கிலோ?’

பாதி ஓடு. மற்றது பிண்ணாக்கு,
மாட்டுக்கு வைக்கக் கூடாது,
ஓடையில் கொட்டினால் மீன் செத்துவிடும் என்றேன்.

‘எந்த மீனு?’

சொன்னேன். இறால் குட்டை, மாமா,
சீன மூட்டையின் விலை.
விலையை மட்டும் இரண்டாம் தரம் கேட்டாள்.

‘அவரு நம்பரக் குடுங்க மேடம்.
வெரசா முடிவு சொல்லச் சொல்லுங்க.
தை மாசம் கம்பெனியத் தெறக்கறதாப் பேச்சு.
தெறந்தா கவாத்துதான்.
கத்தி வந்துட்டா
காயி கெடைக்காது.’